பெரியம்மாவின் மேசையில் நான்கு என்ஏடி போத்தல்கள்

பெரியம்மாவின் சாப்பாட்டு மேசையில், சலரோகக் குளிசைப் பெட்டிக்குப் பக்கத்தில் உடலில் என்ஏடி (NAD) என்ற பொருளைக் கூட்டி முதுமையைத் தள்ளிப்போடும் என்று விற்கப்படும் மூன்று போத்தல்கள் வந்திருந்தன. லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொன்று அனுப்பியவை. ஒன்றில் என்எம்என் (NMN), ஒன்றில் என்ஆர் (NR), மற்றதில் நேரடியாக என்ஏடி. நான்காவது வெறும் நியாசின், அதாவது சாதாரண விற்றமின் பி3. "எல்லாம் ஒண்டுதான், இது மலிவு" என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது.

"தம்பி, இதில எதை நான் போடுறது?" என்று பெரியம்மா கேட்டார்.

என்ஏடி நம் உயிரணுக்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. சாப்பாட்டைச் சக்தியாக்க அது வேண்டும். 1906இல் ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும் மதுவம் நொதிப்பதை ஆராயும்போது இதன் தடயத்தைக் கண்டார்கள். வயது போகப்போக உடலின் பல இடங்களில் இது குறைகிறது என்பது சரி. குறைந்ததை நிரப்பினால் முதுமை பின்வாங்கும் என்பதை மனிதரில் இதுவரை யாரும் காட்டவில்லை. நான்கு போத்தலையும் இந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரடி என்ஏடியை உடனே ஒதுக்கிவிட்டேன். பெரிய மூலக்கூறு அது, குடலிலேயே உடைந்துவிடும். ஊசி வழியாக ஏற்றுகிற இடங்களும் வெளிநாடுகளில் உண்டு. வேகமாக ஏற்றினால் நெஞ்சு இறுகும், குமட்டும். அதற்குப் போதிய ஆதாரமும் இல்லை.

உண்மையான போட்டி என்எம்என்னுக்கும் என்ஆருக்கும்தான். இரண்டும் உடலுக்குள் போய் என்ஏடியாக மாறுகிற விற்றமின் பி3 வகைகள். என்ஆர் பற்றி 2018இல் வந்த ஆய்வில், நடுவயதினரும் முதியவர்களும் நாளுக்கு 1000 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் எடுத்தார்கள். இரத்த அணுக்களில் என்ஏடி ஏறக்குறைய 60 வீதம் கூடியது, பெரிய பக்கவிளைவும் இல்லை. ஆனால் அதே ஆண்டில், உடல் பருத்த ஆண்கள் 2000 மில்லிகிராம் வீதம் 12 வாரம் எடுத்தும் இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் முன்னேற்றம் வரவில்லை. அளவு ஏறியது, பலன் வரவில்லை. காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களிடம் 2024இல் வந்த ஆய்வில் மட்டும், நடக்கிற தூரம் கொஞ்சம் கூடியது தெரிந்தது.

என்எம்என்னுக்கு 2021ஆம் ஆண்டு ஆய்வைத்தான் விற்பவர்கள் காட்டுவார்கள். சலரோகத்துக்கு முந்தைய நிலையில் இருந்த 25 பெண்கள், அவர்களில் 13 பேருக்கு மட்டும் நாளுக்கு 250 மில்லிகிராம் என்எம்என், 10 வாரம். அதை எடுத்தவர்களின் தசையில் இன்சுலின் வேலை செய்வது 25 வீதமளவில் கூடியது. பெரியம்மாவுக்குப் பொருந்தும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்களின் எடையும் குறையவில்லை, இரத்தச் சீனியும் குறையவில்லை. இருபத்தைந்து பேரை வைத்து ஒரு வயதான மனுசிக்கு ஆயுள் முழுக்கக் குளிசை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எலிகளில் பார்த்தபோது, வாயால் கொடுத்த என்எம்என்னும் என்ஆரும் பெரும்பாலும் ஈரலில் நிக்கொட்டினமைட்டாக மாறிவிட்டன. அதுவோ மலிவாகக் கிடைக்கிற பழைய பி3 வகை. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் என்ஆரைத்தான் சொல்வேன். மனிதரில் கூடுதலாகச் சோதிக்கப்பட்டது அது. ஐரோப்பிய ஒன்றியம் பெரியவர்களுக்கு நாளுக்கு 300 மில்லிகிராம் வரை அனுமதித்திருக்கிறது. சில மாதங்களுக்கு அப்பால் பாதுகாப்பு எப்படி என்று சொல்ல ஆய்வு போதாது. புற்றுநோய் அணுக்களும் என்ஏடியை நம்பியே வளர்வதால், அந்த வருத்தம் வந்தவர்கள் டொக்டரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது.

எனக்குப் பயம் தந்தது மலிவான போத்தல்தான். நியாசின் என்ஏடியைக் கூட்டும், உண்மை. அமெரிக்காவில் குளிசையாக எடுக்கக்கூடிய மேல்வரம்பு நாளுக்கு 35 மில்லிகிராம், ஆனால் போத்தலில் ஒரு குளிசையே 500. அந்த அளவில் முகமும் கழுத்தும் சிவந்து எரியும். அது போகட்டும், 2014இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 25,000க்கு மேற்பட்டவர்களில் பாதிப்பேருக்கு 2 கிராம் நியாசினை, முகச்சிவப்பைக் குறைக்கும் ஒரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. புதிதாகச் சலரோகம் வந்தவர்கள் கூடினார்கள், ஏற்கெனவே இருந்தவர்களின் சீனி குழம்பியது. மெதுவாகக் கரையும் வகை ஈரலையும் கெடுக்கக்கூடும். சீனிக்குக் குளிசை போடுகிற ஒருவருக்கு "எல்லாம் ஒண்டுதான்" என்று இதைக் கொடுக்கலாமா?

மேசையில் இல்லாத ஐந்தாவது தெரிவையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு நாளுக்கு 14 மில்லிகிராம் நியாசின் போதும். பாசையூரில் வாங்குகிற 100 கிராம் சூரை மீனில் ஏறக்குறைய 15 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கச்சானில் 12. புழுங்கல் அரிசியில் பச்சையரிசியை விடக் கூட. உடற்பயிற்சியும் தசையில் என்ஏடியை உண்டாக்கும் நொதியைக் கூட்டுகிறது, முதியவர்களிலும்தான்.

நியாசினை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்ஏடியும் என்எம்என்னும் திறக்காமலே அலுமாரிக்குப் போயின. என்ஆர் போத்தலைப் பெரியம்மா கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் வைத்திருக்கிறார். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டும்வரை அதன் மூடியும் திறபடாது.