மொரிபனாவா, நாகெய்ரேயா: இகெபானா பழக எதில் தொடங்கலாம்?

ஜப்பானிய மலர் அலங்காரக் கலையான இகெபானா பழகத் தொடங்குகிறவர் முன்னால் இரண்டு பாத்திரங்கள் இருக்கும். அகலமான, ஆழமில்லாத தட்டில் அமைப்பது மொரிபனா. உயரமான ஜாடியில் அமைப்பது நாகெய்ரே. 1927இல் தேஷிகஹாரா சோஃபு தொடங்கிய சோகெட்சு பள்ளியில் இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. பாத்திரத்தின் விட்டத்தையும் உயரத்தையும் கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் முதன்மைக் கிளையான 'ஷின்' நீளம் கிடைக்கும். அதில் முக்கால் பங்கு இரண்டாம் கிளையான 'சோஎ', சோஎவில் முக்கால் மூன்றாம் கிளையான 'ஹிகாஎ'. நிமிர்ந்த அமைப்பில் ஷின் 15 டிகிரி சாயும், சோஎ 45, ஹிகாஎ 75. கணக்கு ஒன்றுதான், கை படும் பாடு வேறு.

30 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் உள்ள தட்டென்றால் ஷின் 54 செ.மீ., சோஎ 40, ஹிகாஎ 30. இவற்றைத் தாங்குவது கென்சான்: கனமான ஈயக் கட்டியில் பித்தளை ஊசிகள் நெருக்கமாகப் பதித்தது. பூத்தண்டைக் குறுக்காக நேரே வெட்ட வேண்டும், மரக்கிளையைச் சாய்வாக வெட்ட வேண்டும். எதுவானாலும் முதலில் நிமிர்த்திக் குத்தி, பிறகு அடியைப் பிடித்து மெல்லச் சாய்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் சாய்வாகக் குத்தினால் ஊசி வளையும், கிளையும் நிற்காது. தடித்த கிளையின் அடியைப் பிளந்துகொண்டால் ஊசி சுலபமாக இறங்கும். ஊசிகளுக்கு நடுவே நழுவும் மெல்லிய தண்டுக்கு, வேறொரு தடித்த தண்டில் சிறு துண்டு நறுக்கி உறைபோல மாட்டலாம். கிளையின் கனத்தில் கென்சானே கவிழப் பார்த்தால், இன்னொரு கென்சானைத் தலைகீழாக எதிர்ப்பக்க விளிம்பில் கவிழ்த்து வையுங்கள். ஊசிகள் மூழ்கும்வரை தண்ணீர் வேண்டும்.

நாகெய்ரே என்றால் 'எறிந்து போட்டது' என்று பொருள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். இங்கே கென்சான் கிடையாது. ஜாடியின் உள்வாயைவிடச் சற்றே நீளமான இரண்டு குச்சிகளை வாய்க்குக் கீழே சிலுவைபோல இறுக்கி, அதனால் பிரியும் நான்கு பகுதிகளில் ஒன்றில்தான் எல்லாக் கிளைகளையும் நிறுத்த வேண்டும். கிளை குச்சியில் சாய்ந்து, அதன் வெட்டுமுகம் உட்சுவரில் பதிந்தால்தான் அசையாமல் நிற்கும். கண்ணாடி ஜாடியில் இந்த வேலை ஆகாது, விரிசல் விட்டுவிடும். அதற்கு வேறு வழி: அடி பிளந்த கிளையையும் தலை பிளந்த குச்சியையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து, குச்சியை ஜாடியின் அடியில் ஊன்றுவது.

தொடங்குகிறவர் இரண்டு இடத்தில் சறுக்குவார். முதலாவது நீளம். 28 செ.மீ. உயரமும் 10 செ.மீ. வாயும் உள்ள ஜாடிக்கு ஷின் 57 செ.மீ.; அது வாய்க்கு மேலே தெரிய வேண்டிய அளவு. உள்ளே போகும் பகுதியைச் சேர்க்காமல் வெட்டினால் கிளை குட்டையாகிவிடும், ஒட்டவைக்கவா முடியும்? இரண்டாவது சுழற்சி. கனமான பக்கம் கீழே வரும்வரை கிளை தானாகத் திரும்பும். வெட்டுமுன் அதை ஜாடி விளிம்பில் சும்மா சாய்த்து, எந்தப் பக்கம் படுக்கிறது என்று பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை மிச்சம்.

மொரிபனாவிலேயே தொடங்குங்கள். மேலை நாட்டுப் பூக்கள் ஜப்பானுக்கு வந்த மெய்ஜி காலத்தில் (1868–1912), அந்தக் குட்டைத் தண்டுகளுக்கும் இடம் தரும்படி ஒஹாரா பள்ளியின் நிறுவனர் ஒஹாரா உன்ஷின் உருவாக்கிய வடிவம் அது. கோணம் பிசகினால் உடனே கண்ணில் படும், பிடுங்கித் திரும்பக் குத்தலாம். ஆனால் ஓராண்டு முழுக்கக் கென்சானிலேயே இருந்துவிட்டால் கிளையின் எடை கைக்குப் பிடிபடாது. மூன்று கோணங்களும் அளக்காமலே வரத் தொடங்கியதும் ஜாடிக்கு மாறிவிடலாம். முதல் ஜாடி கழுத்து ஒடுங்காத, நேரான பீங்கான் உருளையாக இருக்கட்டும்.