நெருங்கிச் சுடுவதா, முன்னால் விட்டுச் சுடுவதா?

நான் கோத்தகிரி, மாமா பையன் ஊட்டி. ராத்திரி ஒன்பதுக்கு மேல் கரண்ட் இருந்தால் இரண்டு பேரும் ஐஎல்-2 என்கிற இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டை விளையாட்டின் சர்வரில் ஏறுவோம், ஏறினால் பாதி நேரம் எதிரியோடு சண்டை, மீதி நேரம் எங்களுக்குள்ளேயே. எல்லாம் குறி வைக்கிற முறையைப் பற்றித்தான். அவன் ஜெர்மன் விமானி மார்சேயின் பக்தன். குறுக்கே பாய்கிறவன் போகப்போகிற இடத்தில் முன்கூட்டியே துப்பாக்கிக் குண்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பான். நான் இன்னொரு ஜெர்மன் விமானி ஹார்ட்மன் கட்சி. எதிரி விமானம் கண்ணாடி முழுக்க அடைத்துக்கொள்ளும்வரை பட்டனைத் தொட மாட்டேன். மார்சே சுட்டு வீழ்த்திய கணக்கு 158 விமானம், ஹார்ட்மன் கணக்கு 352. அதைச் சொல்லி ஜெயிக்கப் பார்த்தால், “மார்சே 1942-லயே செத்துட்டான், உன் ஆளு போர் முடியற வரைக்கும் பறந்தான், கணக்கை ஒழுங்கா போடு மச்சான்” என்பான். அதுவும் நியாயம்தான்.

முன்னால் விட்டுச் சுடுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், புதிதாக வருகிறவர்கள் மனம் உடைந்து போவது இங்கேதான். எதிரி மணிக்கு 500 கிலோமீட்டரில் உங்களுக்கு நேர் குறுக்கே போகிறான் என்று வையுங்கள், அதாவது நொடிக்கு 139 மீட்டர். தூரம் 250 மீட்டர். குண்டு அங்கே போய்ச் சேருவதற்குள் அவன் சுமார் 40 மீட்டர் நகர்ந்திருப்பான். பிரிட்டிஷ் சண்டை விமானம் ஸ்பிட்ஃபயரின் நீளம் 9 மீட்டர் சொச்சம். ஆக, அவன் மூக்குக்கு முன்னால் நாலு விமான நீளம் விட்டுச் சுட வேண்டும். நான் ஆரம்பத்தில் விட்டது அரை நீளம்.

சின்ன வயதில் பாட்டி வீட்டுப் பேரி மரத்துக்கு வரும் குரங்குகளைக் கல்லெறிந்து விரட்டுவோம். தகரக் கூரை மேல் குரங்கு ஓடும், கல் ‘டணார்’ என்று விழும்போது குரங்கு அங்கே இருக்காது, ஒரு தகரம் தள்ளிப் போய் உட்கார்ந்து நம்மையே பார்க்கும். அதே கதைதான் இங்கேயும். குரங்கையாவது கண்ணால் பார்த்துக்கொண்டே எறியலாம்; விமானத்தில் நாலு நீளம் முன்னால் விட மூக்கைத் தூக்கினால் எதிரி உங்கள் எஞ்சினுக்கு அடியில் மறைந்துவிடுவான். கண்ணை மூடிச் சுடுவது மாதிரிதான்.

இன்னொரு கணக்கு எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நேர் குறுக்கே போகிற 9 மீட்டர் விமானம் உங்கள் சூட்டுக் கோட்டைக் கடக்க எடுக்கும் நேரம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. நான் ஓட்டுகிற ஜெர்மன் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் 20 மில்லிமீட்டர் பீரங்கி நிமிடத்துக்கு 700 குண்டு துப்பும் என்றால், அந்த இடைவெளியில் வருவது ஒரு முழுக் குண்டுகூட இல்லை! குறி கச்சிதமாக இருந்தாலும் இரண்டு குண்டுக்கு நடுவில் அவன் புகுந்து போய்விடலாம். மாமா பையன் ஓட்டுவது அமெரிக்க விமானம் தண்டர்போல்ட், இறக்கையில் அரை அங்குலத் துப்பாக்கிகள் மொத்தம் எட்டு. அவனுக்கு அதே இடைவெளியில் ஏழு குண்டு பறக்கும். அவன் முறை அவனுக்குப் பலிப்பதும் எனக்குப் பலிக்காததும் திறமையால் மட்டுமல்ல. அவன் கும்பிடுகிற மார்சே ஒற்றைப் பீரங்கி 109-இல்தான் அதைச் செய்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது தெய்வப்பிறவி, நம் கணக்கில் வராது.

நெருங்கிப் போவதில் இந்தத் தலைவலி இல்லை. பின்னாலிருந்து, எதிரியின் பாதைக்கு 15 டிகிரிக்குள் வந்துவிட்டால் அதே 250 மீட்டரில் விட வேண்டியது சுமார் 10 மீட்டர்தான், ஒரு விமான நீளம். 100 மீட்டருக்குப் போனால் அதுவும் பாதிக்குக் கீழே. ஆனால் போய்ச் சேர வேண்டுமே. எதிரியைவிட நீங்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமாகப் போனாலும் 300 மீட்டரிலிருந்து 100 மீட்டருக்கு வர ஏழு நொடி ஆகும். அந்த ஏழு நொடியும் நீங்கள் நேர்கோட்டில் பறக்கிறீர்கள், உங்கள் வாலுக்குப் பின்னால் யார் என்று பார்க்கவில்லை. நான் செத்ததில் பெரும்பாலானவை இப்படித்தான், வாயைப் பிளந்து ஒருத்தனையே பார்த்துக்கொண்டு.

தூரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? 109-இன் குறிக்கண்ணாடியில் ஒரு வளையம் இருக்கிறதே, அது 100 மீட்டரில் 10 மீட்டர் அகலத்தைக் காட்டும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை 11 மீட்டர் சொச்சம்; இரண்டு இறக்கை நுனியும் வளையத்தைத் தொட்டால் 110 மீட்டர், வளையத்தில் பாதிதான் நிரம்பினால் இருநூறைத் தாண்டி இருக்கிறீர்கள். ஒரு நாள் பதிவை ஓட்டிப் பார்த்தேன். நூறு மீட்டர் என்று சத்தியம் பண்ணிச் சுட்ட இடமெல்லாம் 350.

கன்வர்ஜென்ஸ், அதாவது இரண்டு இறக்கைக் குண்டுகளும் சந்திக்கும் தூரம், மூக்கில் துப்பாக்கி இருப்பவர்களுக்குப் பெரிய கவலையில்லை. இறக்கையில் இருப்பவர்களுக்கு அதுதான் உயிர். பிரிட்டிஷ் விமானப்படை 1940-இல் முதலில் 400 கஜம் வைத்திருந்தது, சண்டையில் அடிபட்ட விமானிகள் 250 கஜத்துக்கு இறக்கிக்கொண்டார்கள். மாமா பையன் 400 மீட்டர் வைத்திருந்தான், நூறு மீட்டரில் போய்ச் சுட்டால் எதிரியின் இரண்டு பக்கமும் குண்டு போகும், நடுவில் அவன் பத்திரமாக இருப்பான். இப்போது 220.

எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரு விஷயம் பொது: கருவிப் பலகையில் இருக்கிற அந்தச் சின்னப் பந்து. அது நடுவில் இல்லையென்றால் விமானம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருக்கிறது, குறி காட்டுகிற இடம் ஒன்று, குண்டு போகிற இடம் இன்னொன்று. ‘நேராத்தான் வச்சேன், படலையே’ என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு வியாதி இதுதான். சுடுவதற்கு ஒரு நொடி முன்னால் ரடரை, அதாவது வால் சுக்கானின் பெடலை, மிதித்துப் பந்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், அது அடங்கட்டும், அப்புறம் ஒரு நொடி, ரெண்டு நொடி சுட்டு நிறுத்துங்கள். பட்டனை அழுத்திப் பிடித்தே இருந்தால் ஸ்பிட்ஃபயர் ஐந்தாம் மாடலின் 60 குண்டுப் பீரங்கி ஆறு நொடியில் காலி.

மவுஸா ஜாய்ஸ்டிக்கா என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. வார் தண்டர் என்கிற இன்னொரு விமான விளையாட்டில் மவுஸ் குறி சுலபம், அதன் சிமுலேட்டர் பிரிவில் அது கிடையாது, அவ்வளவுதான். ஆனால் மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் சுவரே பூசணம் பிடிக்கும், என் பழைய ஜாய்ஸ்டிக் இரண்டாவது வருடமே நடுங்க ஆரம்பித்தது, கையை எடுத்தாலும் குறி ஆடும். டெட்ஸோனை, அதாவது நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத பகுதியை, ஏற்றினேன், நடுக்கம் நின்றது, ஆனால் கடைசி நேர நுணுக்கத் திருத்தமும் போச்சு. காந்த சென்சார் வைத்ததற்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் பரவாயில்லை, அந்த சென்சாரில் உரசித் தேய எதுவும் இல்லை.

பயிற்சிக்கு சர்வரைவிட தனியாக ஆடுவது மேல் என்பேன், மாமா பையன் ஒத்துக்கொள்ள மாட்டான். கம்ப்யூட்டர் விமானம் மனுஷன் மாதிரி நெளியாது என்பது அவன் வாதம். சரி, நெளியாது. ஆனால் சர்வரில் ஒரு மணி நேரத்தில் நாலு தடவை சுட வாய்ப்பு வந்தால் பெரிது, வீட்டில் தனியாக உட்கார்ந்தால் நாற்பது தடவை. நான் தினமும் இருபது நிமிடம் ஒரே வேலை செய்தேன்: நேராகப் போகிற ஒரு விமானம், பின்னால் 15 டிகிரி, வளையம் நிரம்பும்வரை கை கட்டிக்கொண்டு பொறுமை. வார் தண்டரின் ஆர்கேட் பிரிவு, எங்கே சுட வேண்டும் என்று வட்டம் போட்டே காட்டும். நாலு நீளம் என்றால் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக ஒரு வாரம் அங்கே போய் வாருங்கள், அதற்கு மேல் இருந்தால் அந்த வட்டம் இல்லாமல் கை ஓடாது.

போன வாரம் இரண்டு பேரும் விமானத்தை மாற்றிக்கொண்டோம். தண்டர்போல்ட்டில் குறுக்கே போனவனை நான் முதல் தடவையே அடித்துவிட்டேன். அவன் 109-இல் மூன்று பேரைக் குறுக்கே சுட்டுத் தவறவிட்டு, நாலாவது ஆளின் பின்னால் மெதுவாக ஒட்டிக்கொண்டு போனதை நான் மேலேயிருந்து பார்த்தேன். கேட்டால், “சும்மா, ட்ரை பண்ணேன்” என்கிறான்.