கூகுள் ஸ்காலரில் அன்டோனின் ஹோலியைத் தேடும்போது

எம்.ஃபார்ம் மாணவர்களுக்கு மருந்து வேதியியல் நடத்துகிறேன். வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் பாடம் வரும் அன்று புரொஜெக்டரில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, ஹோலி, டி கிளர்க் என்று இரண்டு பெயர்களை அடித்து, ஆண்டை 1986 என்று குறுக்குவேன். நேச்சர் இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை வந்துவிடும். 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சேவை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று காட்ட எனக்கு அந்த ஒரு கட்டுரை போதும்.

அன்டோனின் ஹோலி பிராகாவைச் சேர்ந்த வேதியியலாளர். அவர் செய்த சேர்மங்களை பெல்ஜியத்தின் லூவனில் எரிக் டி கிளர்க் வைரஸ்கள் மேல் சோதித்துப் பார்ப்பார். மரபணுப் பொருளின் கட்டுமானத் துண்டு போலவே இருக்கும் நியூக்ளியோசைடு வகை மருந்து வேலை செய்ய, செல்லுக்குள் போனதும் அதன்மேல் மூன்று பாஸ்பேட் ஏற வேண்டும். பெரும்பாலும் முதல் பாஸ்பேட்டில்தான் வேலை தடைபடும். சரி, அதை முன்கூட்டியே ஒட்டிக் கொடுக்கலாமே என்றால், ஆக்சிஜன் வழியாக ஒட்டியதை உடலின் நொதிகள் வெட்டிவிடும். ஹோலி பாஸ்பரசுக்குப் பக்கத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் கார்பனை வைத்தார். அந்தப் பிணைப்பு அவ்வளவு சுலபத்தில் அறுபடாது. போர்டில் ஓ என்ற எழுத்தை அழித்துவிட்டு சி என்று எழுதும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

அப்புறம் கட்டுரையின் கீழே இருக்கும் ‘சைட்டட் பை’ இணைப்பைச் சொடுக்குவோம். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய மற்ற கட்டுரைகளின் பட்டியல் வரும். ஸ்காலரின் உயிரே அதில்தான் இருக்கிறது. மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேட ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் போட்டுவிட்டு பி.எம்.பி.ஏ. என்று அடிக்கச் சொல்வேன். ஹோலியின் சேர்மங்களில் ஒன்றான, எச்.ஐ.வி. மருந்து டெனோஃபோவிரின் பழைய பெயர் அது. ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போனால், 1995இல் சயின்ஸ் இதழில் குரங்குகளை எஸ்.ஐ.வி. (எச்.ஐ.வி.யைப் போலக் குரங்குகளைத் தாக்கும் வைரஸ்) தொற்றிலிருந்து அந்த மருந்து காத்த ஆய்வு வரும். 2010இல் 2,499 பேரை வைத்து நடந்த ஐபிரெக்ஸ் ஆய்வு வரும். அதில் டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபின் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்த மாத்திரை எச்.ஐ.வி. தொற்றை 44 சதவீதம் குறைத்தது. ‘காப்புரிமைகளையும் சேர்’ என்பதில் டிக் போட்டால், மாத்திரையாக விழுங்கினால் உடலில் சேராத டெனோஃபோவிருக்குக் கிலியட் நிறுவனம் டிசோப்ராக்சில் என்ற முகமூடி போட்ட கதையும் கிடைக்கும். 2001இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது அந்த வடிவத்தைத்தான்.

எண்களை மட்டும் நம்பக் கூடாது. 1986 கட்டுரைக்கு ஆறு ஆசிரியர்கள். மேற்கோள் எண்ணிக்கை ஆறு பேருக்கும் முழுசாகப் போய்ச் சேரும். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதைப் பிரித்துக் காட்டும் வசதி கிடையாது. ஹோலி என்பது ஆங்கிலத்தில் சாதாரணச் சொல்லும்கூட என்பதால், பெயரை மட்டும் அடித்தால் சம்பந்தமில்லாதவையும் வந்து குவியும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: மருந்து புழக்கத்துக்கு வந்த பிறகு மருத்துவர்கள் முந்தைய மருத்துவ ஆய்வைத்தான் மேற்கோள் காட்டுவார்கள், மூலக்கூறைக் கட்டியவரின் கட்டுரை வரை திரும்பிப் போக மாட்டார்கள். டெனோஃபோவிர் விழுங்கப்படும் அளவுக்கு ஹோலியின் கணக்கு ஏறவே ஏறாது.

ஒரு ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சுருக்கும் எச்-இன்டெக்ஸை இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல்தான் முன்வைத்தார். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பதவி உயர்வுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்தார்கள். நான் கையோடு கொண்டுபோன கட்டுரைகளை யாரும் புரட்டவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் என் மாணவர்களுக்கு எண்ணைச் சொல்லித்தரும் முன் இணைப்பைச் சொடுக்கச் சொல்லித்தருகிறேன்.

ஹோலி 2012 ஜூலை 16 அன்று இறந்தார். அதே நாளில்தான் எச்.ஐ.வி. வராமல் தடுக்க, டெனோஃபோவிரும் எம்ட்ரிசிடபினும் சேர்ந்த ட்ருவாடா மாத்திரையைப் பயன்படுத்த எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. இதைச் சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

ஆய்வு மாணவர்கள் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய வசதி இன்னொன்று: ‘சைட்டட் பை’ பக்கத்திலேயே அலர்ட் வைக்கலாம். புதிதாக யாராவது அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினால் மின்னஞ்சல் வரும். 1986 கட்டுரைக்கு நான் ஒன்று வைத்திருக்கிறேன். அந்த மின்னஞ்சல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.