சோலைவரியா, மாகாணம் வழி வரும் காசா?

மட்டக்களப்பு மாநகர சபை ஒரு வட்டாரத்துக்குக் கான் (மழைநீர் வடிகால்) கட்ட நினைத்தால், காசு இரண்டு வழியில் வரலாம்.

வீடு, வளவுகளுக்கு அவற்றின் மதிப்பீட்டின்படி அறவிடும் சோலைவரி சபையின் சொந்த வருமானம். எந்த ஒழுங்கைக்கு என்று சபையே தீர்மானிக்கலாம். ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10% கழிவு, காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5%. ஆக, வருடத் தொடக்கத்திலேயே கையில் காசு. கோளாறு மதிப்பீட்டில்தான்: ஓட்டு வீடு மாடியாகியும் பழைய பெறுமதியே கிடந்தால், அந்தச் சுமை வசதி இல்லாதவன் தலையில் விழும்.

முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாக வருபவை. காணி கைமாறினால்தான் தீர்வை; தொகை பெரிதாக இருக்கலாம், தேதி நம் கையில் இல்லை. போதாததற்கு, 2017க்குப் பின் கிழக்கில் தெரிவான மாகாண சபையும் இல்லை, ஆளுநர் நிர்வாகம்தான். காசு ஒக்டோபரில் வந்தால், கேள்விப்பத்திரம் கோரி வெட்டத் தொடங்குவதற்குள் மாரி பிடித்துவிடும்.

ஒழுங்கைக் கானுக்குச் சோலைவரியே சரி. சந்தைக் கட்டடம் போன்ற பெரிய வேலைக்கு மற்றது. எந்தக் காசானாலும் முதலில் மட்டம் பாருங்கள்: கானின் வாய் வாவியின் மாரி நீர்மட்டத்துக்குக் கீழே போனால், தண்ணீர் திரும்பி வளவுக்குள் ஏறும்.