1,86,000 கிலோமீட்டர் ஓடிய தார் ஜீப்: சேலத்தில் வண்டி பார்த்த அனுபவம்

மாமாவின் காப்பித் தோட்டம் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறது. ரோடு முடிந்த பிறகு முக்கால் கிலோமீட்டர் செம்மண் தடம். மழை பெய்துவிட்டால் அவருடைய பழைய கார் ஏறாது, மிளகு மூட்டையை ஆள் வைத்துத்தான் தூக்க வேண்டும். அதனால் மஸ்கட்டிலிருந்து கிளம்பும்போதே, இந்த லீவில் நாலு சக்கரத்துக்கும் இழுவிசை போகிற ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

சேலத்தில் ஒரு வியாபாரியிடம் 2014 மாடல் மகிந்திரா தார், டீசல், 1,86,000 கிலோமீட்டர் ஓடியது கிடைத்தது. மஸ்கட்டில் இருந்தபடியே ஆன்லைனில் பணம் கட்டி ஓர் ஆளை அனுப்பிச் சோதிக்கச் சொன்னேன். நாற்பது போட்டோவோடு ரிப்போர்ட் வந்தது, எல்லாவற்றிலும் பச்சை டிக். வண்டிக்கு அடியில் எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை. மலைக்குப் போகிற வண்டிக்கு அடிப்பாகம்தானே முக்கியம்? அந்தப் பணம் வீண்.

ஊருக்கு வந்ததும் தம்பி ஒருவன் மூலமாகக் கொண்டலாம்பட்டி பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனைப் பிடித்தேன். முப்பது வருஷமாக ஜீப் வேலைதான். இரண்டாயிரம் ரூபாய், காலையிலிருந்து மதியம் வரை கூடவே இருப்பார். கிலோமீட்டரைச் சொன்னதும் அவர் கேட்டது: “மீட்டர் கிடக்கட்டுங்க தம்பி, வண்டி எந்த ரோட்டுல ஓடுச்சுன்னு தெரியுமா?”

முதல் நாள் ஏழு மணிக்குப் போனோம். அண்ணன் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். “நாளைக்கு வர்றோங்க, சாவியைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். டீசல் வண்டியின் உடம்பு குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும்.

மறுநாள் ஒரே கிராங்கில் பிடித்தது. இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாய்மேல் வைத்தார். பேக் கம்ப்ரஷன் இருந்தால், அதாவது பிஸ்டன் தேய்ந்து காற்று கீழே கசிந்தால், மூடி துள்ளி விழுந்துவிடும். இது லேசாக நடுங்கியது, விழவில்லை. எனக்குப் பாதி உயிர் வந்தது.

அப்புறம் ஓர் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போனார், என்னையும் கூப்பிட்டார். வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸி முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட். புதுப் பெயிண்டைப் பார்த்தாலே சந்தேகப்பட வேண்டும் என்றார். பாடியும் சேஸியும் சேரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினார். பெயிண்டோடு சேர்ந்து துரு செதில் செதிலாக உதிர்ந்தது. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங் டங் என்ற சத்தம் ஓர் இடத்திலும் மங்கவில்லை. துரு மேலோடு நிற்கிறது, இரும்பு கெட்டி. மஸ்கட்டில் மணலில் ஓடிய வண்டிகளைத்தான் பார்த்துப் பழகியிருக்கிறேன். மணல் உதிர்ந்துவிடும். இங்கே சேறு சந்துகளில் காய்ந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளிருந்தே அரிக்கிறது.

பின்பக்க ஸ்பிரிங்கின் மெயின் பட்டையில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. முன், பின் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி வெள்ளைத் துணியில் விட்டார். கறுத்திருந்தது, ஆனால் வெள்ளி மினுமினுப்பு இல்லை, அதாவது பல் தேய்ந்த தூள் இல்லை.

வியாபாரியின் ஆள் சிமெண்டுத் தரையிலேயே ஃபோர் வீல் போட்டு வளைத்துக் காட்டப் போனார். அண்ணன் தடுத்தார். கெட்டித் தரையில் வளையும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் போகும், வழுக்க இடமில்லாமல் பளு முழுக்க கியரில் விழும். பின்னால் இருந்த மண் தரையில் ஃபோர் லோ (ஃபோர் வீலில் மெதுவான, இழுவை அதிகமான நிலை), முதல் கியர், ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் ஊர விட்டோம். முன்பக்க ஷாஃப்ட் ஜாயிண்டில் ‘டொக் டொக்’ என்று கேட்டது.

கடைசியாக ஏற்காடு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. இதைவிட நல்ல பரிசோதனைக் கூடம் வண்டிக்கு உண்டா? ஏறும்போது கிளட்ச் நழுவவில்லை, வெப்ப முள் நடுவைத் தாண்டவில்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் கால் எடுத்து விட்டு, நேர்ப்பாதை வந்ததும் மிதிக்கச் சொன்னார். அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தது நீலப் புகையை. இன்ஜினுக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வ் சீல் போயிருந்தால் அப்போதுதான் வரும். வரவில்லை.

பட்டைக்கும் ஜாயிண்டுக்கும் கணக்குப் போட்டு 40,000 குறைத்தார்கள். மாமா பெயரிலேயே வாங்கினோம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, பழைய கடன் ஆர்.சி.யில் நீங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன், அதுவும் பேங்க் மூலமாக. ரொக்கமாகத் தந்தால் தள்ளுபடி என்றார்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, நான் ஒப்பவில்லை.

பட்டை மாற்றியாகிவிட்டது. ஜாயிண்டும் போட்டு, ஆயில் எல்லாம் மாற்றி, நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மழைக்குப் பிறகு அந்தச் செம்மண் தடத்தில் மாமாவே ஓட்டினார். பின்னால் ஆறு மூட்டை மிளகு இருந்தது.