செங்கல் ஃபயர்ப்ளேஸுக்கு ரோமாபியோ லைம்வாஷ், தாராளமாக வாங்கலாம்

நியூ ஜெர்ஸியில் 1970களில் கட்டிய வீடு. ஃபேமிலி ரூம் ‘ட’ மாதிரி மடங்கும், அந்த மடக்கில் சாய்வாக ஒரு ஃபயர்ப்ளேஸ், தரையிலிருந்து கூரை வரை பழுப்புச் செங்கல். சோபாவை எங்கே போட்டாலும் கண் அங்கேதான் போய் முட்டும். இடிக்க மனசில்லை, அதனால் ரோமாபியோ என்ற பிராண்டின் கிளாசிகோ லைம்வாஷ் (சுண்ணாம்புப் பூச்சு) வாங்கினோம். இது நிஜமான சுண்ணாம்பு, பெயின்ட் போல மேலே தோலாகப் படியாமல் செங்கலுக்குள் ஊறிவிடுவதால் உரிந்து வராது. செங்கலை நன்றாக நனைத்துவிட்டு, தண்ணீர் கலந்து அடிக்க வேண்டும். ஈரத்தில் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெள்ளை ஏறும், அதனால் அவசரப்பட்டு இரண்டாவது கோட் போடாதீர்கள். செங்கல் தெரிய வேண்டிய இடத்தில் ஈரத்துணியால் துடைத்தோம், விளிம்புகளில் லேசாகப் பழுப்பு எட்டிப் பார்ப்பது அவ்வளவு அழகு! மூலை இப்போது சுவரோடு ஒன்றிவிட்டது, அறையே பெரிதாகத் தெரிகிறது.

ஏற்கெனவே பெயின்ட் அடித்த செங்கலுக்கு இது வேண்டாம், ஊறாது. நெருப்பு எரியும் குழிக்குள்ளும் அடிக்காதீர்கள். அப்புறம், ஃபயர்ப்ளேஸுக்கு மேலே புதிதாக மரப்பலகை மாட்டினால் குழியின் வாயிலிருந்து குறைந்தது 6 அங்குலம் தள்ளியே மாட்டுங்கள், பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் தள்ளி.