இறக்கை வேண்டுமா, கையைக் கொடு: வேற்றுக்கிரக விலங்கு அட்டைகளோடு சில ஆண்டுகள்

வேற்றுக்கிரக விலங்குகளைக் கற்பனை செய்ய இன்று கைபேசிச் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. யானையையும் ஆமையையும் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் இரண்டையும் ஒட்டி ஒரு படம் தந்துவிடும். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் கொஞ்ச நாள் வாய் பிளந்து பார்த்தார்கள், பிறகு சீண்டவில்லை. நான் இங்கே எழுதுவது, சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் நான் நடத்தும் டியூஷனில் சில ஆண்டுகளாகப் புழங்கிவரும் ஓர் அட்டைக் கட்டைப் பற்றி. ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக்கு விற்கும் அட்டையை வாங்கி, நாங்களே வெட்டி எழுதியது.

கட்டில் நான்கு வகை: கிரகம், விலங்கு, விலை (ஓர் உறுப்பைப் பெற அந்த உயிர் கொடுக்க வேண்டியது), பெயர். ஒவ்வொரு குழுவும் ஒரு கிரகம், இரண்டு விலங்குகள், ஒரு விலை என்று எடுத்து, அந்தக் கிரகத்தில் பிழைக்கக்கூடிய ஓர் உயிரை வரைந்து பெயர் சூட்ட வேண்டும். இத்தனை நாள் பழகியபின் என் தீர்ப்பு இது: விலை அட்டை இல்லையென்றால் இந்த விளையாட்டே இல்லை. கிரக அட்டை நன்று. பெயர் அட்டை வீண். விலங்கு அட்டையைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் கையில் கொடுக்க வேண்டும்.

எச்சரிக்கை ஏன் என்றால், கோயில் தூணில் யாளியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒட்டுவது கைவந்த கலை. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, வேலை முடிந்தது. சிற்பிக்கு அது போதும். கல் யாளிக்குப் பசி எடுப்பதில்லை. வகுப்பில் நான் கேட்கும் முதல் கேள்வியோ, இது எதைத் தின்கிறது என்பதுதான். தலை கனத்து, கழுத்து குறுகி, தந்தம் முன்னே நீண்ட ஒரு தாவரந்தின்னிக்குத் தரையும் கிளையும் எட்ட வேண்டியிருந்தது; துதிக்கை அதற்கு உதவியது. பாய்ந்து கழுத்தைக் கவ்வும் வாய்க்கு முன்னால் அது தொங்கினால் இரை தப்பித்துப் போய்விடும்.

உண்மையில் ஒட்டுப்போட்டதுபோல் தோன்றும் விலங்கும் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிளாட்டிபஸ் என்னும் நீர்வாழ் பாலூட்டியின் பதப்படுத்திய உடலை 1799இல் விவரித்த ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, யாரோ வாத்தின் அலகைத் தைத்துவிட்டார்களோ என்றே சந்தேகப்பட்டார். அந்த அலகுக்கும் வாத்துக்கும் எந்த உறவும் இல்லை. அது மெத்தென்ற தோல். சேற்று நீரில் இரையின் தசையிலிருந்து கசியும் நுண்ணிய மின்சாரத்தை உணரும் கருவி. இதைச் சொன்ன பிறகு விலங்கு அட்டையில் வெறும் 'வாத்து' என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். 'சேற்றில் கண் தெரியாமல் இரை தேடும் வாய்' என்று எழுதுகிறோம். உறுப்பின் பெயரைவிட உறுப்பின் வேலையை எழுதிய அட்டைகள் நன்றாக விளையாடுகின்றன.

விலை அட்டைக்கு வருகிறேன். 'இறக்கை வேண்டுமா, கையைக் கொடு.' 'ஓடு வேண்டுமா, வளரும்போது கழற்று.' 'பெரிய உடம்பா, கால் தடிக்கட்டும்.' இப்படி ஒரு வரிதான். வவ்வாலின் இறக்கை நீண்ட விரல்களுக்கு இடையே விரிந்த தோல். பறவையின் இறக்கையும் முன்கால்தான். ஆகவே குதிரைக்கு இறக்கை வரைபவர் முன்னங்காலை அழித்தாக வேண்டும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் உடனே, "பட்டாம்பூச்சி எதைக் கொடுத்தது, மிஸ்?" என்று மடக்கினான். நியாயம்தான்; பூச்சிகள் ஆறு காலையும் வைத்துக்கொண்டே இறக்கை பெற்றவை. அன்றே அந்த அட்டையில் 'முதுகெலும்பு உள்ளவற்றுக்கு மட்டும்' என்று சேர்த்தோம். உடம்பு அட்டையின் கணக்கு இன்னும் கறாரானது: நீள அகல உயரம் எல்லாம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். வீடு உயரச் சிலந்தி கேட்டு வந்தவர்கள் முகம் வாடித் திரும்புவது இங்கேதான்.

கிரக அட்டைகளில் டைட்டனுக்கு இணையில்லை. சனியின் அந்தத் துணைக்கோளில் ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு. காற்றோ நம் காற்றைப்போல் நான்கு மடங்கு அடர்த்தி. குளிர் மைனஸ் 179 டிகிரி. பெய்வது மீத்தேன் மழை. தண்ணீர் பாறையாகக் கிடக்கும். ஒரு குழுவுக்கு இந்த அட்டையோடு நண்டும் வவ்வாலும் வந்தன, விலை ஓடு கழற்றுவது. பூமியில் ஓட்டோடு நண்டு பறப்பது நடக்காத காரியம். டைட்டனில் அது தாராளமாகப் பறக்கலாம். அங்கே வெயில் நமக்கு வருவதில் நூறில் ஒரு பங்குகூடத் தரைக்கு வராது என்பதால் பெரிய கண்ணால் பயனில்லை என்று முடிவுசெய்து, கால் நுனிகளில் அதிர்வறியும் மயிர்கள் வைத்தார்கள். குளிரில் எல்லாம் மெதுவாக நடக்கும் என்பதால் இறக்கையை அடிக்காமல் விரித்தபடியே சறுக்கவிட்டார்கள். அப்போது மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டிலிருந்து வரும் பெண் ஒருத்தி, ஓடு கழற்றிய நண்டு மெத்தென்று இருக்கும், அது வெளியே தலைகாட்டாது என்று சொன்னாள். அவ்வளவுதான், கதை திரும்பிவிட்டது. கழற்றும் காலத்தில் பறக்க முடியாது. ஆகவே ஒளிய இடம் வேண்டும். ஆகவே குகைகளுக்குச் சண்டை. ஆகவே முன்காலில் ஒன்று மட்டும் கொடுக்காகத் தடித்தது. பரிணாமத்தைப் பாடமாக நடத்தியபோது இந்த 'ஆகவே'க்கள் ஒருநாளும் தானாக வந்ததில்லை.

வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் அட்டை அலுத்துவிட்டது. பனிக்கு அடியில் இருண்ட கடல் என்றாலே ஒளிரும் ஜெல்லி மீன்தான் வரைகிறார்கள்.

இந்தக் கட்டுக்குக் கிடைத்த சிறந்த திருத்தம் ஒரு மீனவரிடமிருந்து வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். மகளை அழைத்துப்போக வந்த அப்பா ஒருவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது வலையில் வந்தால் எங்கே பிடிப்பது?" என்று கேட்டார். திருக்கையின் வால் முள்ளும் கெளுத்தியின் முள்ளும் தைத்த கைக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். வரைந்தவர்களிடம் பதில் இல்லை. பல்லையும் நகத்தையும் வைத்திருந்தார்களே தவிர, பிடிபட்டால் தப்பிக்க ஒரு வழி வைக்கவில்லை. இப்போது எல்லாப் படத்துக்கும் அந்தக் கேள்வி உண்டு. நீல டிராகன் என்னும் கடல் நத்தை, போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்று அழைக்கப்படும் கொட்டும் உயிரியைத் தின்று, அதன் கொட்டும் செல்களைத் தன் உடம்பில் சேமித்துத் தானும் கொட்டும் என்று சொன்னபின், 'திருடிய ஆயுதம்' என்றொரு அட்டையும் சேர்ந்தது. உண்மையான கலப்புக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பெயருக்கு முதலில் ஸோ, க்ரா, க்ஸான் என்று அசைகளை எழுதி வைத்திருந்தேன். அவற்றை அடுக்கி வந்த பெயர்கள் எல்லாம் மருந்துக்கடை மாத்திரைகளைப்போல் ஒலித்தன. சூட்டியவருக்கே மறுவாரம் நினைவில் இல்லை. அட்டைகளை மூட்டைகட்டிவிட்டு, அந்த உயிரோடு தினமும் மல்லுக்கட்டுபவர் எப்படிக் கூப்பிடுவார் என்று மட்டும் கேட்கத் தொடங்கினேன். மரங்கொத்தி, எறும்புதின்னி என்று வேலையைச் சொல்லும் பெயர்களும், நாக்கு மீன், கொம்பன் சுறா என்று உருவத்தைச் சொல்லும் பெயர்களும் பிள்ளைகள் வாயிலேயே இருக்கின்றன. டைட்டன் நண்டு 'ஓடுகழற்றி' ஆனது. வேறொரு குழுவின் காற்றுக்குடுவை விலங்கு 'மிதப்பான்'. இரண்டும் நிலைத்துவிட்டன.

குறைகளும் உண்டு. எல்லாரும் வேட்டையாடிகளையே வரைகிறார்கள். தின்னப்படுவதற்கு யாரும் முன்வருவதில்லை. ஒரு வேட்டையாடிக்கு மூன்று இரைகளும் ஒரு தாவரமும் வரைந்தால்தான் செல்லும் என்று விதி போட்டேன். அரைமனதோடு பென்சில் கோடு போட்டுத் தருகிறார்கள். நேரமும் அதிகம் பிடிக்கிறது. ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை சரி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இதில் உட்காரவைத்தால் பெற்றோர் சும்மா விடமாட்டார்கள்.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பளபளப்பான அட்டையைத் தவிர்க்கவும். பேனா மை அதில் பிடிக்காது. கடல் காற்றடிக்கும் பக்கம் இருப்பவர்கள் கட்டுக்கு ரப்பர் பேண்டு போடவேண்டாம், இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. பிஸ்கட் டப்பா போதும்.